கேட்டு வாங்கிய பள்ளிக்கூடம்: குமரி மாவட்டத்தில் ஐந்து நாள்

முதல் நாள் – ஆரல்வாய்மொழி

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு நேராகக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அத்தை எனக்கு முன்னாலேயே வந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 74 வயது. பிறந்தது குமரி மாவட்டத்து ஈத்தாமொழி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து 50 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்குப் போவதென்றால் மட்டும் அவருக்கு மூட்டுவலி இருப்பதே மறந்துவிடும்.

இந்தப் பயணத்துக்கு விதை விழுந்தது ஜூன் மாதத்தில். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் ஜூனில் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்போம். இந்த வருடம் முப்பது வீடு ஏறியும் நான்கு பேர்தான் சேர்ந்தார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அலுத்துப்போய், “யாருக்கும் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை அத்தை” என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “எங்க ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்த நடந்து போயி கேட்டுல்லா வாங்கினாவ மக்ளே.”

யார் கேட்டார், யாரிடம் கேட்டார் என்று அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். கேட்டவர் மயிலாடி வேதமாணிக்கம், வந்தவர் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி. 200 வருடத்துக்கு முந்தைய கதை. பிறகு நானும் தேடிப் படித்தேன். விடுமுறை வந்ததும் அந்த இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

நாங்கள் ஏறிய பஸ் ஆரல்வாய்மொழி ஊருக்குள் போகாமல் நாற்கரச் சாலையிலேயே விரைந்துவிட்டது. நிற்கும் என்று சொல்லித்தான் ஏற்றியிருந்தார்கள். தோவாளையில் இறங்கி, வேறொரு பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். ஒரு மணி நேரம் வீண். ஆனால் தோவாளையில் நின்ற அந்த நேரத்தில் பிச்சிப்பூ வாசம் மூக்கை நிறைத்தது. அத்தை இரண்டு முழம் வாங்கி என் தலையில் வைத்துவிட்டார்.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் நின்றால்தான் தெரியும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றும் நிலைகொள்ளவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் ஒரு கணவாய். மேற்கிலிருந்து வரும் காற்றெல்லாம் இதன் வழியாகத்தான் பாய்கிறது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் காற்றாலைகள். அன்றைக்கு இந்தக் கணவாய்தான் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் வாசல். கோட்டை இருந்தது, காவல் இருந்தது. பாண்டி நாட்டிலிருந்து வருகிற யாரும் இதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்.

1806 ஏப்ரல் 25. இந்த வாசலைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். பெயர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. ஆங்கிலேயர் அல்ல, பிரஷ்யாவின் சைலீசியாப் பகுதியில் 1770இல் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதற்கு முன் 1797இல் ஒருமுறை கல்கத்தாவுக்கு ஊழியத்துக்கு வந்து, அங்கே நிலைக்க முடியாமல் 1799இல் ஊருக்கே திரும்பிப் போனவர். தோற்றுத் திரும்பிய அந்த மனிதரை லண்டன் மிஷனரி சங்கம் மறுபடி அனுப்பியது. 1804 முடிவில் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, அங்கேயே இருந்து தமிழ் படித்தார்.

ஒரு முறை தோற்றவரை மறுபடியும் நம்பி அனுப்பினார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வாய்பாட்டில் திணறிய பையனை அடுத்த நாளும் எழுப்பிக் கேட்பதில்லையா, அது மாதிரி.

ராத்திரி வெட்டூர்ணிமடத்தில் அத்தையின் தம்பி வீட்டில் தங்கல். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். எழுதிக்கொண்டே தூங்கிவிடுவேன் போலிருக்கிறது. மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள் – மயிலாடி

காலையில் அஞ்சுகிராமம் பஸ் ஏறி, சுசீந்திரம் தாண்டி மயிலாடியில் இறங்கினோம். ஊரைப் பார்க்கும் முன்பே காதில் விழுந்துவிடுகிறது. உளிச் சத்தம். சாலையோரப் பட்டறைகளில் பாதி செதுக்கிய சாமி சிலைகள், தூண்கள், கல்லறைக் கற்கள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. தமிழ்நாடு, கேரளா எங்கும் இந்த ஊர்ச் சிற்பங்கள் போகின்றன.

ஒரு பட்டறையில் வழி கேட்க நின்றோம். இளைஞர் ஒருவர் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு மையில் எழுத்தை முதலில் எழுதியிருந்தார்கள். அதன் ஓரத்தைப் பிடித்துச் சின்ன உளியைச் சாய்த்து, சுத்தியலால் லேசாகத் தட்டுகிறார். சுழி வரும் இடத்தில் கை நிதானமாகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு உளியைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே இடத்தில் வைத்துச் சுழற்றினார். குழியிலிருந்த மாவை வாயால் ஊதினார். புள்ளி தெளிவாக விழுந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் புள்ளியை மறக்கிற பிள்ளைகளோடு வருடம் பூராவும் மல்லுக்கட்டுகிற எனக்கு, அதை விட்டு நகர மனமில்லை.

இனி அத்தை சொன்ன கதைக்கு வருகிறேன்.

மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார். சாம்பவர் குலம். அன்றைய திருவிதாங்கூரில் அந்தக் குலத்தில் பிறந்தவருக்கு என்ன நிலை என்று விளக்கத் தேவையில்லை. ஊர்ப் பாதையில் நடக்க முடியாது, கூலியில்லாமல் ஊழிய வேலை செய்ய வேண்டும், திண்ணைப் பள்ளியின் பக்கம் போக முடியாது. ஆனால் இந்த மனிதருக்குத் தேடல் இருந்தது. சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். இங்கிருந்து அங்கே 500 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், எல்லாம் கால்நடை. அங்கே அவர் மனம் தேடியது கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அவர்கள் கிறிஸ்தவர்கள். அங்கே கோலாப் ஐயர் என்ற மிஷனரியின் சபையில் கேட்டதும் பார்த்ததும் அவரைப் பிடித்துக்கொண்டன. ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னார். சிலர் கேட்டுக்கொண்டார்கள், பலர் எதிர்த்தார்கள். எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டு மறுபடியும் வடக்கே போனார். அப்படிப் போனபோதுதான் தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேயைக் கண்டார்.

நான் கும்பிடுவது கோயிலில், அத்தை போவது சபைக்கு. எங்கள் வீட்டில் இது ஒரு பேச்சே இல்லை. அதனால் மதம் மாறியதைப் பற்றி நான் ஒரு பக்கமும் பேச வரவில்லை. என் கண்ணில் நிற்பது ஒன்றுதான். எழுத்து வாசலையே அடைத்து வைத்திருந்த ஒரு ஊரிலிருந்து ஒருவர் கிளம்பி, இத்தனை தூரம் நடந்து, “எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்” என்று கேட்டிருக்கிறார். ரிங்கல்தௌபேயை முன்னோடி என்கிறோம், சரி. ஆனால் இந்தக் கதையில் முதல் அடி வைத்த கால் மயிலாடிக் கால். பெயர்களை வரிசைப்படுத்தும்போது வேதமாணிக்கத்தின் பெயரை முதலில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

வந்தவருக்கும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. வேதக்கோயில் கட்ட அனுமதி வேண்டும். அப்போது திவான் வேலுத்தம்பி. ரெசிடென்ட், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதி, கர்னல் மெக்காலே ஆதரவாக இருந்தும் அனுமதி இழுபட்டது. ரிங்கல்தௌபே பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு வந்து போனார். 1808 கடைசியில் வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராகக் கிளம்பினார். 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை நாங்கள் நேற்று நின்ற அந்த ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. கலவரம் அடங்கிய பிறகுதான் அனுமதி வந்தது. 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம்.

இன்றைக்கு அங்கே நிற்கும் ஆலயத்துக்கு இருவர் பெயரையும் சேர்த்து ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்று பெயர். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஊரில் ரிங்கல்தௌபே பெயரில் மேல்நிலைப் பள்ளியும் இருக்கிறது. விடுமுறை என்பதால் கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகக் கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கோயில் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவர் இருந்தார். அத்தையை ஏற இறங்கப் பார்த்து, “எங்க உள்ளவிய?” என்று கேட்டார். ஈத்தாமொழி என்றதும், “அப்பம் நம்ம ஆளுதான்” என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பேச்சு நீண்டது. ரிங்கல்தௌபே எப்படி இருந்தார் என்று அவர் நேரில் பார்த்தவர் மாதிரிச் சொன்னார். அவர் சொன்னதும் நான் படித்ததும் ஒத்துத்தான் போகின்றன. சின்ன வீடு. உள்ளே ஒரு மேசை, ஒரு கட்டில், உட்கார ஒன்றிரண்டு சாமான். நாட்டுத் துணியில் தைத்த உடுப்பு. கோட் என்ற ஒன்றைத் திருவிதாங்கூரில் அவர் போட்டதே இல்லை. சம்பளம் வந்தால் அதை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவார். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உபதேசியார்களை வைத்தார், ஊர் ஊராக நடந்தார்.

அவர் கொஞ்சம் கறாரான ஆளும்தான். தலைவரியும் கூலியில்லாத ஊழிய வேலையும் தாங்காமல், இவரிடம் சேர்ந்தால் தப்பிக்கலாம் என்று வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்காமல் காக்க வைத்தார். அதை அவர் பெரிய குறையாகவே எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. முதுகில் சுமை அழுத்துகிறவன் சுமையை இறக்கத்தான் வருவான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

1816இல் அவர் உடம்பு முடியாமல் கிளம்பினார். கிளம்பும் முன் வேதமாணிக்கத்தைப் பலிபீடத்தருகே அழைத்து, தன் அங்கியை அவருக்கு அணிவித்து, சபைகளை ஒப்படைத்தார் என்று மயிலாடியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். அதற்கு மேல் பேசவில்லை. அத்தையும் நானும் எதுவும் கேட்கவில்லை.

ரிங்கல்தௌபே அதன் பிறகு கொழும்புக்குப் போனார், மலாக்காவுக்குப் போனார், அங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பல் ஏறினார். பிறகு தகவல் இல்லை. எங்கே இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவு கல்வெட்டுகள் செதுக்குகிற ஊரில், அந்த மனிதருக்குக் கல்லறைக் கல் வைக்க இடம் இல்லாமல் போயிற்று.

அடுத்த ஏறக்குறைய இரண்டு வருடம் சபைகளையும் பள்ளியையும் காத்தவர் வேதமாணிக்கம்தான். வெளிநாட்டு ஆள் ஒருவரும் இல்லை. நான் பாடம் எடுத்தால் அந்த இரண்டு வருடத்தைத்தான் அதிக நேரம் எடுப்பேன்.

மூன்றாம் நாள் – நாகர்கோவில்

நேற்று எழுதி முடிக்கும்போது பன்னிரண்டு மணி. இன்று ஒன்பது மணிக்குத்தான் வெளியே கிளம்பினோம். கடையில் ரசவடையும் சாயாவும். ரசத்தில் ஊறிய பருப்பு வடையை அத்தை கரண்டியால் துண்டு போட்டு, கடைசிச் சொட்டு ரசம் வரைக்கும் குடித்தார்.

ஹோம் சர்ச்சுக்குப் போனோம். நாகர்கோவில்காரர்கள் கஸ்பா சபை என்றும் சொல்வார்கள். பெரிய கற்கட்டடம். 1819 ஜனவரி 1 அன்று அடிக்கல் போட்டார்கள். அப்போது இங்கே இருந்த மிஷனரி சார்லஸ் மீட். 1818 தொடக்கத்தில் வந்தவர். முதலில் மயிலாடியில் இருந்து, பிறகு நாகர்கோவிலுக்கு இடம் மாறினார். மயிலாடியில் தொடங்கிய பள்ளிக்கூடமும், செமினரி என்ற பெயரில், அவரோடு இங்கே வந்தது. அதுதான் வளர்ந்து, 1893இல் கல்லூரியானது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. குமரியில் எந்தப் படித்த வீட்டில் கேட்டாலும் ஒருவராவது ஸ்காட்டில் படித்திருப்பார். அத்தையின் தம்பி பி.எஸ்சி. அங்கேதான்.

அந்தக் காலத்தை நினைத்தால் சில முரண்கள் தெரிகின்றன. 1817இல் ராணி கௌரி பார்வதி பாய், மக்கள் கல்விக்கான செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார். இந்தியாவிலேயே பெரிய விஷயம் அது. ஆனால் உத்தரவு ஓலையில் இருந்தது, திண்ணை திண்ணையாகவே இருந்தது. கீழே வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கதவு திறக்க இன்னும் பல பத்தாண்டு ஆயிற்று. அதே ராணிதான் ரெசிடென்ட் ஜான் மன்றோ சொல்லி, மிஷன் செமினரிக்காக வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்தார். அந்த வயலின் நெல்தான் பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் ஆனது.

மீட்டை நாகர்கோவில் கோர்ட்டில் நீதிபதியாகவும் உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் போல இருந்துவிட்டு விலகினார். நல்ல வேளை விலகினார் என்றுதான் நினைக்கிறேன். தீர்ப்புச் சொல்கிற கையும் எழுத்துச் சொல்லித்தருகிற கையும் ஒன்றாக இருந்தால், பிள்ளைகள் படிப்புக்கு வருகிறார்களா பயத்துக்கு வருகிறார்களா என்று தெரியாமல் போகும்.

1820களின் தொடக்கத்தில் இங்கே ஓர் அச்சகமும் வந்தது. தென் திருவிதாங்கூருக்கு முதல் அச்சகம். பாடப்புத்தகம் வேண்டும் என்றால் பிறகு எங்கே போவது?

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்: பெண்பிள்ளைகள். மீட்டின் மனைவி ஜோஹன்னா 1819இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதே வருடக் கடைசியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்து சேர்ந்தார்கள். பெண்ணுக்குப் படிப்பா என்று ஊர் சிரித்த காலம். பெற்றோர் அனுப்பத் தயாரில்லை. அனுப்பினாலும் பெண்பிள்ளையின் வேலைக் கூலி வீட்டுக்குப் போய்விடும். தங்கிப் படிக்கச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும். பணம்?

மார்த்தா மால்ட் செய்தது ரேந்தை. லேஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், ஆனால் குமரிக்காரர்களுக்கு அது ரேந்தைதான். போர்ச்சுகீசியர் விட்டுப் போன சொல். பள்ளியில் காலையில் எழுத்து, அப்புறம் ரேந்தைப் பின்னல். விற்ற காசில் பள்ளி நடந்தது. 1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு நாகர்கோவில் ரேந்தை போயிருக்கிறது. அதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. ஆளை நிலத்தோடு விற்பார்கள், வாங்குவார்கள். அடிமைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் ரேந்தை பின்னிய காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கியிருக்கிறார்கள். அடிமை முறையை அரசு முழுதாக ஒழித்தது 1855இல். அதற்கு முன்பே சில பிள்ளைகள் நூலால் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசாதான் 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாம் கொண்டாடுகிற அதே கால்டுவெல். எலைசா அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், ரேந்தையும் கற்றுக்கொடுத்தார். அம்மாவின் கைவேலையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே மகளோடு சீதனமாகப் போயிருக்கின்றன.

மதியம் அத்தை என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவரோடு சிறுவயதில் ரேந்தை பழகியவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். கண் மங்கிவிட்டது. ஆனாலும் தலையணையை எடுத்து வந்து போட்டார். உறுதியாக அடைத்த உருண்டைத் தலையணை. அதன் மேல் ஊசித் துளைகளால் படம் குத்திய அட்டை. துளைதோறும் குண்டூசி. ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீள மரக்கட்டை தொங்குகிறது. இரண்டு இரண்டு கட்டையாக எடுத்து மாற்றி, முறுக்கி, ஒரு ஊசியைக் குத்தி இறுக்க வேண்டும். மறுபடி மாற்றி, முறுக்கி.

“நீ செய்யி” என்று அத்தையிடம் தள்ளிவிட்டார் அந்த அம்மா. “எனக்கு மறந்து போச்சிக்கா” என்று அத்தை கையை இழுத்துக்கொண்டார். பிறகு சும்மா ஒரு ஜோடிக் கட்டையைத் தொட்டார். தொட்டதும் விரல்கள் தானாக ஓடத் தொடங்கின. கட்டைகள் ஒன்றோடொன்று மோதி, டக் டக்கென்று சின்னச் சத்தம். நான் திருமணமாகி வந்து 21 வருடம். அத்தையின் விரல்கள் வெங்காயம் உரித்துப் பார்த்திருக்கிறேன், ஜெபமாய்க் கோத்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வேகமாய்ப் பார்த்ததில்லை. நான்காவது வரியில் ஒரு நூல் அறுந்தது. “பாத்தியா” என்று சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா இரண்டு பழைய கட்டைகளை அத்தையின் கையில் வைத்து மூடினார்.

நான்காம் நாள் – நெய்யூர்

சுருக்கமாக எழுதுகிறேன், மழை பிடித்துக்கொண்டு பாதி நாள் பஸ் நிறுத்தத்திலேயே போய்விட்டது.

திங்கள்சந்தை பக்கத்தில் நெய்யூர். மீட் 1828இல் நாகர்கோவிலை மால்ட்டிடம் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். 1838இல் டாக்டர் ராம்சே இங்கே மருத்துவ ஊழியம் தொடங்கினார். நெய்யூர் ஆஸ்பத்திரி என்றால் இன்றும் குமரியில் தெரியாதவர் இல்லை. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல், 1922லும் 1924லும் அந்த மலையில் இருந்தவர், பல ஆண்டு கத்தி பிடித்தது இந்த ஆஸ்பத்திரியில்தான். அத்தைக்கு ஒரு பெரியம்மா உண்டு, சாமர்வெல் கையால் ஆபரேஷன் செய்துகொண்டதை அவர் சாகும்வரை பெருமையாகச் சொல்வாராம்.

மீட் இங்கே வந்த வருடங்கள் அமைதியானவை அல்ல. தோள்சீலைக் கலகம். மேலாடை போட உரிமையில்லாத பெண்கள், மிஷன் பள்ளிகளில் குப்பாயம் போடப் பழகினார்கள். கையும் கழுத்தும் வைத்துத் தைத்த தொளதொளப்பான சட்டை. தைத்துக் கொடுத்தவர்களில் மீட்டின் மனைவியும் ஒருவர். அதைத் தெருவில் கிழித்தார்கள். 1820களின் கடைசியில் வேதக்கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1858இல் மறுபடி வெடித்தது. 1859 ஜூலை 26 அன்று ராஜாவின் பிரகடனம் வந்த பிறகே ஒரு வழி பிறந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. பள்ளிக்கூடத்தை ஏன் எரித்தார்கள் என்று நான் அத்தையிடம் கேட்டேன். “படிச்சவளுக்க தோள்ல இருந்து துணிய எடுக்க முடியாதுல்லா” என்றார்.

மீட்டைப் பற்றி இன்னொன்று. ஜோஹன்னா இறந்த பிறகு, அவர் உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணான லோயிசைக் கல்யாணம் செய்தார். மற்ற மிஷனரிகளுக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் தேவனுக்கு முன் சமம் என்று முப்பது வருடம் சேர்ந்து பிரசங்கித்தவர்கள், தங்களில் ஒருவர் அதை வீட்டில் நடத்திக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கத்திலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. 1855இல் திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டது. 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார்.

ஐந்தாம் நாள் – தாமரைக்குளம், ஈத்தாமொழி

ரிங்கல்தௌபே ஊன்றிய சபைகள் ஏழு: மயிலாடி, பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், புத்தளம், ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி. அத்தை இந்த ஏழையும் மூச்சு விடாமல் சொல்வார், வாய்பாடு மாதிரி.

தாமரைக்குளம் போகும் வழியில் சாமித்தோப்பில் இறங்கினோம். அய்யா வைகுண்டரின் ஊர். இங்கே இறங்கலாம் என்று கேட்டது நான். அய்யா வைகுண்டர் பிறந்தது 1809 என்றே சொல்கிறார்கள், மயிலாடியில் கோயிலும் பள்ளியும் எழுந்த அதே வருடம். ஒரே மண், ஒரே கொடுமை. அங்கே வேதப்புத்தகம், இங்கே கண்ணாடிக்கு முன் தலைப்பாகை கட்டி நின்று வணங்குதல். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடிக்கட்டும் என்று அவர் வெட்டிய முத்திரிக் கிணற்றில் நாங்களும் குளிர்ந்த தண்ணீர் வாங்கி முகம் கழுவினோம். அத்தை தயங்கவே இல்லை. “தண்ணிக்கு என்ன மக்ளே” என்று இரண்டு கை அள்ளிக் குடித்தார். மிஷன் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் சாமித்தோப்பைத் தனியாக எழுதுவதும், சாமித்தோப்பை எழுதுகிறவர்கள் மிஷனை விட்டுவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற தூரம்தான்.

ஈத்தாமொழி. நெடுநெடுவென்று வளரும் தென்னைக்குப் பெயர் போன ஊர். பள்ளிக்கூடம் அத்தை படித்தபோது ஓலைக் கூரையாம், இப்போது கான்கிரீட். பூட்டியிருந்தது. ஜன்னல் ஒன்று பாதி திறந்திருந்தது. அத்தை நுனிக்காலில் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கரும்பலகையில் விடுமுறைக்கு முன் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. கீழே சாக்பீஸ் தூள். சுவரில் உயிரெழுத்து அட்டை.

“நான் அந்த மூலைல இருப்பேன்” என்று விரலை நீட்டினார். “மணல்ல எழுதித்தான் பழகினோம். ஒரு சிரட்டை நிறைய மணலு கொண்டுவரணும். அ எழுதி முடிச்சா டீச்சர் கையால தடவி அழிப்பாவ. எனக்கு அழிக்கதுக்கு மனசே வராது. முந்தானைக்குள்ள மறைப்பேன்.” அஞ்சாங் கிளாஸோடு அவரை நிறுத்திவிட்டார்கள், தம்பி ஸ்காட் வரைக்கும் போனார். அதை அவர் சொல்லிப் புலம்பியதில்லை. இன்றைக்கும் புலம்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் இந்த மாவட்டம், 90 விழுக்காட்டுக்கு மேல். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிரட்டை மணலைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். அடுத்த ஜூனில் வீடு ஏறும்போது அத்தையையும் கூட அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். மூட்டுவலி இருக்கிறது. கேட்டால் வருவார்.

சாயங்காலம் வடசேரியில் கோவில்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அத்தை கடையில் வெள்ளை நூல்கண்டு ஒன்று வாங்கியிருந்தார். ஆரல்வாய்மொழியில் காற்று ஜன்னல் வழியாக அடித்து நூலைப் பறக்கவிட்டது. “அந்தக் கண்ணாடிய இழுத்து அடை மக்ளே” என்றார். அடைத்தேன். இரண்டு கட்டைகளிலும் நூலைச் சுற்றிக்கொண்டே வந்தார். வள்ளியூர் தாண்டியும் சுற்றி முடியவில்லை.